வாங்கப் போறாங்களாம்... வதந்தியை நம்பினால் கைக்காசு காலி!

"அந்தக் கம்பெனியை பெரிய கம்பெனிக்காரன் வளைச்சுப் போடப் போறானாம். இன்னைக்கே பங்கு வாங்கிப் போடு. நாளைக்கு டபுள்!"

இப்படி ஒரு மெசேஜ் உங்க செல்போனுக்கும் வந்திருக்கும். ஒரு காலத்தில் பங்குச்சந்தை என்றால் பணக்காரர் விவகாரம். இப்போ ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கிறவருக்கும் டீமேட் கணக்கு இருக்கு. அதனால் கொஞ்சம் உஷாராக இருக்கணும்.

ஏன் ஏறுது?

ஒரு கம்பெனியை வாங்க வருபவர், சந்தை விலையை விட கூடுதலாகக் கொடுத்தால்தான் பங்குதாரர்கள் விற்பார்கள். அந்தக் கூடுதல் காசுக்கு ஆசைப்பட்டுத்தான் கூட்டம் முன்கூட்டியே பாய்கிறது. இன்டர்நெட், பயோடெக் கம்பெனிகளில் இந்தக் கூத்து அதிகம். கட்டிடம், மெஷினைப் பார்த்து அங்கே விலை போட முடியாது. நாளைக்கு லாபம் வரும் என்ற நம்பிக்கைக்குத்தான் விலை.

யாகூ பட்ட பாடு

2008 பிப்ரவரி 1-ம் தேதி யாகூவை வாங்க மைக்ரோசாப்ட் பகிரங்கமாக விலை பேசியது. முந்தைய நாள் 19 டாலராக இருந்த பங்குக்கு 31 டாலர்! மொத்தம் 4,460 கோடி டாலர். அன்றே பங்கு 28 டாலரைத் தாண்டியது.

'போதாது' என்றது யாகூ. மைக்ரோசாப்ட் 33 வரை ஏறி வந்தது. யாகூ 37-ல் பிடிவாதமாக நின்றது. மே 3-ம் தேதி மைக்ரோசாப்ட் 'வேண்டாம் சாமி' என்று கிளம்பிவிட்டது. அடுத்து சந்தை திறந்த நாளில் மட்டும் 15 சதவீதம் சரிவு. உலகச் சந்தையும் சரிந்த அந்த நவம்பரில் 10 டாலருக்கும் கீழே போனது. வதந்தி இல்லை, நிஜமான பேரத்துக்கே இந்தக் கதி!

70 டாலர் மருந்து

இம்குளோன் ஒரு அமெரிக்க பயோடெக் கம்பெனி. அதன் புற்றுநோய் மருந்தை நம்பி 2001-ல் பிரிஸ்டல் மையர்ஸ் கம்பெனி, பங்குக்கு 70 டாலர் கொடுத்து சுமார் 20 சதவீதத்தை வாங்கியது. அந்த டிசம்பரிலேயே மருந்து விண்ணப்பத்தை அமெரிக்க அரசு திருப்பி அனுப்பியது. 2002-ல் பங்கு 10 டாலருக்கும் கீழே!

விஷயம் முன்கூட்டியே தெரிந்த கம்பெனி நிறுவனர், சொந்தக்காரர்களை உஷார்படுத்தினார். அதற்காக 2003-ல் அவருக்கு 7 வருஷத்துக்கும் மேல் ஜெயில் தண்டனை. வெளியே இருந்தவர்களுக்கு யார் சொல்வது?

கடைசியில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2008-ல் எலி லில்லி கம்பெனி முழுசாக வாங்கியது. விலை? அதே 70 டாலர். 7 வருஷம் தாங்கியவருக்குத்தான் போட்ட காசு திரும்பியது.

பொய்ச் செய்தியும் உண்டு. 2015 ஜூலையில் பிரபல செய்தி நிறுவனம் மாதிரியே போலி இணையதளம் தொடங்கி, ட்விட்டரை 3,100 கோடி டாலருக்குக் கேட்கிறார்கள் என்று கிளப்பினார்கள். பங்கு ஜிவ்வென்று ஏறியது. பொய் என்று தெரிந்ததும் இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர் பாடு திண்டாட்டம்.

நம்ம ஊர் சட்டம்

பெரிய பத்திரிகை, டிவியில் வரும் வதந்தியால் விலை ரொம்ப ஆடினால், 24 மணி நேரத்துக்குள் 'உண்டா, இல்லையா' என்று கம்பெனி சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் டாப் 100 கம்பெனிகளுக்கும், டிசம்பரில் டாப் 250 கம்பெனிகளுக்கும் இதை செபி கட்டாயமாக்கியது. ஆனால் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பத்து ரூபாய், இருபது ரூபாய் பங்குகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே வராது!

இன்னொன்று. பட்டியலில் உள்ள ஒரு கம்பெனியில் ஒருவர் கால்வாசிப் பங்கை எட்டினால், பொதுமக்களிடம் இருந்தும் குறைந்தது 26 சதவீதம் வாங்க முன்வரணும். ஆக, பங்கு ஏற்கனவே கையில் இருந்தால் ஓட வேண்டாம். முறையான கடிதம் உங்களைத் தேடி வரும்.

கையில் இல்லையா? மெசேஜ் அனுப்பியவரை ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'நாளைக்கு டபுள் ஆகும்னா, எனக்கு ஏன்ப்பா சொல்றே?'

அவர் ஏற்கனவே வாங்கி வைத்திருப்பார். விற்க ஆள் தேடுகிறார். அந்த ஆள் நீங்களாக இருக்காதீங்க. சீட்டுப் பணம், நகைக்கடன் பணம் எதையும் இதில் இறக்காதீங்க.