தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் கோளாறு தீராது

“நம் நாட்டு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றிவிட்டால் இஞ்சின் சூடேறாது.” ஈப்போ வட்டாரத்தில் பழைய கார் வைத்திருக்கும் யாரும் இந்த யோசனையைக் கேட்டிருப்பார்கள். ஓர் அறிவியல் ஆசிரியராக நான் இதை ஏற்கவில்லை. பட்ட அனுபவமும் உண்டு.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வந்தபின் என் அப்பா வாங்கிய பழைய காரில் அப்படித்தான் கழற்றினார்கள். சமவெளியில் முள் இறங்கியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில வாரங்களில், மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் ஆவி கக்கி நின்றது. ரேடியேட்டர் அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. சிலிண்டர் மூடியே வளைந்துவிட்டது.

தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு இருக்கிறது. நீர் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி செல்சியஸை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதன்பின் நீர் ரேடியேட்டருக்குப் பாயும். அது இல்லாவிட்டால் இஞ்சின் தேவையான சூட்டை அடையத் தாமதமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். சந்தேகமென்றால் அதைக் கழற்றி, பானை நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். திறக்காவிட்டால் புதியது போடுங்கள். திறந்தால் கோளாறு வேறிடத்தில்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, “எப்போது சூடேறுகிறது?” என்று கேளுங்கள். நெரிசலில் நிற்கும்போது ஏறி, கார் ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால் விசிறி, அதன் ஃபியூஸ், சுவிட்சைப் பாருங்கள். மேட்டிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையும் நீர்ப்பம்பையும் சோதியுங்கள். நீர் குறைந்துகொண்டே வந்தால் குழாய்களிலும் மூடியிலும் கசிவைத் தேடுங்கள். வெளியே கசிவில்லை, ஆனால் வெள்ளைப் புகை ஓயவில்லை, எண்ணெய் பால்போல் மாறியிருக்கிறது என்றால் சிலிண்டர் மூடியின் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

ஊற்றுநீரையும் ஊற்றாதீர்கள். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வருவது கடினநீர். கெட்டிலுக்குள் படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலண்ட்தான் ஏற்றது.

வழியில் சூடேறினால் ஓரம் நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியைத் தொடவேண்டாம். உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அது ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் பொசுக்கிவிடும்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, எங்கே, எந்த வேகத்தில், எவ்வளவு நேரத்தில் முள் ஏறியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மெக்கானிக்கிடம் அதைக் காட்டி, “காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு கழற்றுங்கள், அண்ணே” என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.