தோட்டத்துப் பிள்ளைதானே!

லூமுட் படகுத்துறையில் பங்கோர் படகுக்குக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் தம் பேரனை நண்பருக்கு அறிமுகப்படுத்தினார். "எஸ்.பி.எம். எழுதப் போறான். தோட்டத்துப் பிள்ளைதானே, பாஸ் பண்ணினாலே போதும்." அன்பாகத்தான் சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தச் சொல் ஒரு மாணவனை என்ன செய்யும்? சமூக உளவியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1995-இல் அமெரிக்காவில் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் ஒரு சோதனை நடத்தினர். 'இது உங்கள் அறிவாற்றலை அளக்கும் தேர்வு' என்றபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினர். அதே கேள்விகளை வெறும் பயிற்சி என்று கொடுத்தபோது வெள்ளை மாணவர்களுடனான இடைவெளி சுருங்கியது. 'உங்களுக்கு இது வராது' என்ற பேச்சை நாமே மெய்யாக்கிவிடுவோமோ என்ற பயம் கவனத்தைத் தின்றுவிடுகிறது என்றார்கள்.

இந்தக் கோட்பாடு உளவியலோடு நிற்கவில்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் இதை உத்தரப் பிரதேசக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். மேல்சாதிச் சிறுவர்கள் 321 பேர், கீழ்சாதி எனப்படும் சிறுவர்கள் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, விடுவித்தால் காசு தந்தார்கள். சாதியைச் சொல்லாதவரை இரு தரப்பும் சமமாகவே செய்தனர். எல்லார் முன்னிலையிலும் சாதியை வாசித்ததும், ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினர். 'எப்படியும் நமக்கு நியாயம் கிடைக்காது' என்ற எண்ணமும் ஊக்கத்தைக் கெடுத்திருக்கலாம் என்று 2004-இல் எழுதினார்கள். வறுமையை வருமானத்தால் அளந்துவந்த துறைக்கு இது முக்கியமான பாடம்.

ஆனால், பிற்பாடு பெரிய அளவில் நடந்த சில ஆய்வுகளில் இந்த விளைவு முதலில் நினைத்த அளவுக்குத் தெரியவில்லை. ஒரு சொல்லால் மட்டும் யாரும் தோற்பதில்லை. புத்தகம், பஸ் காசு, படிக்க அமைதியான இடம் எல்லாம் வேண்டும். அவற்றைத் தேடிக் கொடுக்கும் நாமே, கூடவே அந்தச் சுமையையும் ஏன் ஏற்றிவிட வேண்டும்?

ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன. குடும்பங்கள் சித்தியவான், ஆயர் தாவார் என்று குடிபெயர்ந்துவிட்டன. பட்டம் மட்டும் கூடவே வருகிறது. தோட்டத்தில் பிறந்ததில் வெட்கமில்லை. பின்னால் ஒட்டிக்கொள்ளும் அந்தத் 'தானே'தான் வலிக்கிறது.

படகு வந்தது. ஏறும்போது பையனிடம், "எந்தப் பாடம் பிடிக்கும், தம்பி?" என்றேன்.

"ஆட் மேத்ஸ், அங்கிள்."

தாத்தா அவனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்திபோலும்.