ரேமை ஜோடியாக வாங்குங்கள்

புதிதாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய வருபவர்களுக்குக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை, "இப்போதைக்கு 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் பிறகு இன்னொன்று சேர்க்கலாம்" என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஸ்லாட் காலியாக இருக்கும், செலவும் தள்ளிப்போகும். ஆனால் இந்தச் சிக்கனம் முதல் நாளிலிருந்தே நஷ்டக் கணக்கு. இன்றைய சாதாரண டெஸ்க்டாப் பிராசசர்கள் ரேமோடு இரண்டு சேனல்களில் பேசும்படி வடிவமைக்கப்பட்டவை. டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று இருந்தால் 51.2 ஜிபி. டிடிஆர்5-6000 ஆனால் 48, 96. ஒற்றை ஸ்டிக் போட்டவர் பிராசசருக்கு முழுக் காசும் கொடுத்துவிட்டு அதன் பாதி வழியை அடைத்து வைக்கிறார்.

கடிதம் அடிப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸையே நம்புபவருக்குத்தான் அடி பலமாக விழும். அதற்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பட்ஜெட்டைச் சுருக்கி வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் அப்படி வாங்குகிறார்கள் என்பது இதில் உள்ள முரண். டிடிஆர்5-இல் ஒரு ஸ்டிக்கே இரண்டு சேனல்தானே என்று சிலர் வாதிடுவார்கள். 64 பிட் அகலப் பாதையை இரண்டு 32 பிட்டாகப் பிரித்திருப்பது உண்மை, அதனால் செயல்திறன் கொஞ்சம் கூடுவதும் உண்மை. ஆனால் மொத்த அகலம் அதே 64 பிட்தான்.

பிறகு சேர்க்கலாம் என்ற வாதத்துக்கு வருவோம். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே ரேமுக்குள் இருக்கும் டிராம் சிப்புகளில் உலகின் பெரும்பகுதியைச் செய்கின்றன. ரேம் விற்கும் பிராண்டுகளில் பல இவர்களிடம் வாங்கி ஸ்டிக்காக்குபவை. ஆகவே ஒரே மாடல் எண்ணில்கூட இந்த ஆண்டு ஒரு சிப்பும் அடுத்த ஆண்டு வேறொன்றும் இருக்கலாம். பொருந்தாத ஜோடி ஒன்று மெதுவாக ஓடும், அல்லது காரணம் தெரியாமல் தடுமாறும். கிட் என்று ஒரே பெட்டியில் விற்பவை சேர்ந்து ஓடுமா என்று சோதிக்கப்பட்டவை. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிவிடலாம் என்ற திட்டத்துக்கும் விலை உண்டு. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200. நான்குக்கு வெறும் 3600.

விலைதான் வலுவான ஆட்சேபம். ஏஐ தரவு மையங்களின் தேவை பெருகியதால் 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. இந்த நேரத்தில் 32 ஜிபி கிட் வாங்கு என்பது எளிதான அறிவுரை அல்ல. ஆனால் வெட்ட வேண்டிய இடம் வேறு. பெட்டியில் மின்னும் 7200, 8000 என்ற எண்களையும் வண்ண விளக்குகளையும் விட்டுவிடலாம். வேகத்தோடு சிஎல் என்ற தாமத எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் தாமதம் தெரியும். டிடிஆர்4-3200 சிஎல்16-க்கும் டிடிஆர்5-6000 சிஎல்30-க்கும் அது 10 நானோநொடிதான்; அதே 6000 சிஎல்40 என்றால் 13.3. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை இயக்காவிட்டால் 6000 என்று வாங்கியது பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும் என்பதைச் சொல்லித்தருபவர்களும் குறைவு. 16 ஜிபிக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் இரண்டு 8 ஜிபி வாங்கலாம். டிடிஆர்5-இல் 8 ஜிபி ஸ்டிக்குகள் பொதுவாக நான்கே சிப்புகளோடு வருவதால் சற்றே மந்தமானவை. ஆனாலும் பாதை பாதியாவதற்கு அது தேவலை.

ஜோடியாக வாங்கியும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நான்கு ஸ்லாட் மதர்போர்டில் இரண்டையும் அருகருகே செருகினால் பெரும்பாலும் இரண்டும் ஒரே சேனலில்தான் உட்காரும். பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும் என்று பெரும்பாலான மதர்போர்டு கையேடுகள் சொல்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கினாலும் பக்கவாட்டு மூடியைத் திறந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டே பணத்தைக் கொடுக்கலாம்.