சாமிக்குத்தானே பறிக்கிறோம் என்கிறவர்களுக்கு



இன்னைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். படிக்கிற உங்களில் சிலருக்கு இது சுடலாம். சுட்டா சுடட்டும்.

எனக்கு கரூர் ரோட்டில் ஜீயபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கர். வாழையும் நெல்லும் மாத்தி மாத்திப் போடுறேன். அது பிழைப்பு. வீட்டு வாசலில் ரெண்டு சென்ட் இடத்தில் பூச்செடி இருக்கு. அது பிழைப்பு இல்லை, ஆசை. செம்பருத்தி, அரளி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, ஒரு பவளமல்லி, பந்தலில் முல்லை, தொட்டி ஓரமா நாலு குண்டுமல்லி. முக்கால்வாசி என் சம்சாரம் வச்சது. தண்ணி ஊத்துறது நான், திட்டு வாங்குறதும் நான்.

பூச்செடி வளர்க்கிறது சும்மா இல்லைங்க. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தா குழாய்த் தண்ணியைப் பீச்சியடிச்சுக் கழுவணும். அதுக்கும் போகலைன்னா லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா அடிக்கணும். மல்லியைக் கார்த்திகை, மார்கழியில் கவாத்து பண்ணி, கொஞ்ச நாள் தண்ணி காட்டாம காயப்போட்டு, அப்புறம் எரு வச்சு தண்ணி விட்டாத்தான் மாசி, பங்குனியில் அரும்பு கட்டும். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் தண்ணி தவறினா தொட்டிச்செடி தலை தொங்கிடும். வேலியில் சந்து இருந்தா ஆடு நுழைஞ்சிடும். இவ்வளவும் பட்டுத்தான் ஒரு பூ.

ஆனா அந்தப் பூ தர்ற சந்தோஷம் இருக்கே! ராத்திரி பவளமல்லி விரியுறப்ப வாசல் திண்ணை வரைக்கும் வாசம் வரும். விடியறதுக்குள்ள அதுவா உதிர்ந்து, தரையில் யாரோ கோலம் போட்ட மாதிரி கிடக்கும். செம்பருத்தியில் தேன்சிட்டு வந்து தலைகீழா தொங்கும். வயலில் வாழைத்தார் விலை இறங்கி, மனசு வெறுத்துப்போய் வந்த நாளில்கூட, வாசலில் பத்து நிமிஷம் நின்னா சோறு இறங்கும். இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

எங்க ஊரை ஒட்டி மூணு நாலு வருஷமா மனைப்பிரிவு வந்திருக்கு. நல்ல நல்ல வீடு. படிச்சவங்க, ரிட்டையர் ஆனவங்க. காலையில் வாக்கிங் வர்றாங்க, வரட்டும். ஆனா கையில் ஒரு கேரிபேக் எதுக்கு? ஒருத்தர் தொரட்டியே கொண்டு வர்றார். காம்பவுண்டுக்கு வெளியே ஒரு கிளை நீண்டா போச்சு, மொட்டுகூட மிச்சம் இருக்காது. கை எட்டாத கிளையை வளைச்சு, ஒடிச்சு, பூவைப் பிடுங்கிக்கிட்டு, கிளையை அப்படியே தொங்கவிட்டுட்டுப் போறாங்க. இதில் வேடிக்கை என்னன்னா, ஒருத்தர் சட்டைப்பையில் போன் திருப்பள்ளியெழுச்சி பாடிக்கிட்டே இருக்கும். பெருமாள் எழுந்திருக்கிறதுக்குள்ள என் செடியை மொட்டை அடிச்சிடுவார்.

இத்தனை நாள் நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். போன ஐப்பசியில் எங்க அம்மா திதி வந்துச்சு. அம்மா லால்குடி பக்கம் அவங்க பொறந்த வீட்டில் இருந்து ஒடிச்சுட்டு வந்து நட்ட குச்சிதான் எங்க வாசல் நந்தியாவட்டை. நாப்பது வருஷம் இருக்கும். திதி அன்னைக்கு அந்தச் செடிப் பூவைத்தான் அம்மா படத்துக்குப் போடுவோம். கடைப்பூ போடுறதில்லை. அன்னைக்கு அஞ்சரைக்குப் போய்ப் பார்த்தா ஒரு பூ இல்லை. ஒடிஞ்ச நுனியில் பால் வடிஞ்சுக்கிட்டு இருக்கு. இப்பத்தான் பறிச்சிருக்காங்கன்னு அர்த்தம். என் சம்சாரம் ஒண்ணும் பேசலை. உள்ளே போயிட்டா.

நான் தெருமுனை வரைக்கும் ஓடினேன். பையோட போய்க்கிட்டிருந்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், மரியாதைப்பட்டவர். "ஐயா, எங்க அம்மா திதிங்க இன்னைக்கு"ன்னேன். அவர் கொஞ்சமும் பதறலை. "சாமிக்குத்தானே தம்பி பறிக்கிறேன், உனக்கும் புண்ணியம்தானே"ன்னார். பையில் இருந்து ஒரு பிடி எடுத்து என் கையில் கொடுத்தார். என் அம்மா செடிப்பூவை எனக்கே தானம் பண்ணினார்ங்க! அதை வாங்கிக்கிட்டுத்தான் வந்தேன். வேற வழியில்லை.

அந்த "சாமிக்குத்தானே"க்குப் பதில் சொல்லணும்னுதான் இதை எழுதுறேன். பதில் எங்கேயோ இல்லை, நம்ம திருச்சியிலேயே இருக்கு.

மலைக்கோட்டைக்குப் போயிருப்பீங்க. தாயுமானவர் மேற்கே பார்த்து இருப்பார், கொடிமரம் அவர் முதுகுப் பக்கம் இருக்கும். ஏன்னு கேட்டிருக்கீங்களா? தலபுராணம் சொல்லும். உறையூரில் சாரமா முனிவர்னு ஒருத்தர் நந்தவனம் போட்டு, செவ்வந்தி வளர்த்து, தினமும் தாயுமானவருக்குச் சாத்தினார். அதனால்தான் அவருக்கு செவ்வந்திநாதர்னு இன்னொரு பேர். அந்தப் பூவை ஒருத்தன் திருட்டுத்தனமா பறிச்சுட்டுப் போய் சோழ ராஜாவுக்குக் கொடுத்தான். முனிவர் ராஜாகிட்ட முறையிட்டார். ராஜா அசட்டையா விட்டுட்டான். முனிவர் சாமிகிட்ட அழுதார். கிழக்கே பார்த்திருந்த சாமி உறையூர் இருக்கிற மேற்குப் பக்கம் திரும்பினார். மண்மாரி பெய்ஞ்சு ஊரே மூடிப்போச்சு. வீடிழந்த ஜனங்க வெக்காளியம்மன்கிட்ட ஓடினாங்க. எல்லாருக்கும் வீடு கிடைக்கிற வரைக்கும் எனக்கும் கூரை வேண்டாம்னு அம்மன் சொன்னதா ஐதீகம். இன்னைக்கும் உறையூரில் வெக்காளி வெயிலிலும் மழையிலும்தான் உட்கார்ந்திருக்கா.

கதையோ நிஜமோ, பெரியவங்க ஏன் இப்படி ஒரு கதையை வச்சாங்க? பூத்திருட்டைச் சின்ன விஷயமா அவங்க நினைக்கலை. திருடினவனைவிட, "பூதானே"ன்னு சொன்ன ராஜாவோட ஊருக்குத்தான் தண்டனை விழுந்துச்சு. அதைக் கவனிங்க.

இந்தப் பக்கம் கரூர். எறிபத்த நாயனார் கதை பெரியபுராணத்தில் இருக்கு. சிவகாமியாண்டார்னு ஒரு வயசான அடியார், சாமிக்குக் கொண்டுபோன பூக்குடலையைப் பட்டத்து யானை பறிச்சுச் சிதறடிச்சது. எறிபத்தர் மழுவை எடுத்து யானையையும் பாகர்களையும் வெட்டிப்போட்டார். புகழ்ச்சோழர் ஓடிவந்து, என் யானை செஞ்ச தப்புக்கு என்னையும் வெட்டுன்னு தன் வாளையே நீட்டினார். ஒரு கூடைப் பூவுக்கு! நான் யாரையும் வெட்டச் சொல்லலை. அவ்வளவு பெரிய விஷயமா நினைச்ச ஊருங்க இதுன்னு சொல்றேன்.

ஸ்ரீரங்கத்துக்கு வாங்க. தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்ன பண்ணினார்? திருமாலையில் 45 பாட்டு, திருப்பள்ளியெழுச்சியில் 10 பாட்டு. அதெல்லாம் பாடினவர் அங்கே நந்தவனம் வச்சு, தன் கையால் பூப்பறிச்சு, மாலை கட்டி ரங்கநாதருக்குக் கொடுத்தவர். ராமானுஜர் சொன்னார்னு அனந்தாழ்வான் ஸ்ரீரங்கத்தை விட்டுத் திருமலைக்குப் போய், ஏரி வெட்டி நந்தவனம் போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாருக்கும் அதே வேலைதான். நான் கேட்கிறேன், இவங்களில் ஒருத்தராவது கேரிபேக் எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுச் செடியை மொட்டை அடிச்சாரா? பூவைச் சாமிக்குப் போடுறதுக்கு முன்னாடி மண்வெட்டி பிடிச்ச கைங்க அது. அந்த உழைப்புதாங்க பூஜை. என் உழைப்பை எடுத்து உங்க பேரில் அர்ச்சனை பண்ணினா புண்ணியம் யார் கணக்கில் சேரும்? சாமிக்குக் கணக்குத் தெரியாதா?

இன்னொரு பேச்சு: "செடியில் இருந்தா சாயங்காலம் வாடத்தானே போகுது?" வாடட்டுமே. செம்பருத்திக்கு ஒரு நாள்தான் ஆயுசு. அந்த ஒரு நாளைக்காக அது மொட்டு விட்டு எத்தனை நாள் காத்திருந்துச்சு! அந்த ஒரு நாளில் தேனீ வரணும், தேன்சிட்டு வரணும். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போறீங்க. 2015-ல் திறந்தது, சுமார் 25 ஏக்கர், நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை காலையில் எங்க தெருவில் இருக்கிற அத்தனை பூவையும் பறிச்சுடுறீங்க. பட்டாம்பூச்சி எங்கே போகும்? டிக்கெட் வாங்கிக்கிட்டுப் பூங்காவுக்கா?

"ஒரு பூவுக்கு இவ்வளவா?"ன்னு கேட்கிறவங்களுக்கு இன்னொண்ணு. தரையில் வேரோட இருக்கிற வரைக்கும் செடி அசையாச் சொத்துல சேர்த்தி. அதில் இருந்து அறுத்து எடுத்த நிமிஷமே அது திருடக்கூடிய பொருள் ஆயிடுதுன்னு சட்டமே சொல்லுது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 378-வது பிரிவு. 2024 ஜூலையில் இருந்து வந்திருக்கிற புதுச் சட்டத்தில் 303. போலீசுக்குப் போகிற ஆள் நான் இல்லை. பூவுக்காக ஸ்டேஷன் வாசல் மிதிச்சா என் அம்மாவே சிரிப்பாங்க. ஆனா "இது திருட்டே இல்லை"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஒண்ணு ஒத்துக்கிறேன். நானும் சின்ன வயசில் அடுத்தவன் தோப்பில் மாங்காய் அடிச்சவன்தான். எங்க தெருவில் பூ கேட்டு யாரும் வெறுங்கையோட போனதில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தங்கச்சி, நாலு பூ எடுத்துக்கட்டுமா"ன்னு வாசலில் நின்னு கேட்பாங்க. என் சம்சாரம் பத்தாப் பறிச்சுக் கொடுப்பா. பவளமல்லி கீழே உதிர்ந்ததை யார் வேணா பொறுக்கிக்கலாம், அது விழுந்தாலும் சாமிக்கு ஆகும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. வாயைத் திறந்து கேளுங்க, செடியில் கொஞ்சம் மிச்சம் வைங்க. நான் கேட்கிறது இவ்வளவுதான்.

கேட்கக் கூச்சமா இருந்தா காசு கொடுத்து வாங்குங்க. ஸ்ரீரங்கம் சாத்தாரவீதிப் பூ மார்க்கெட்டுக்கு எட்டரை, போசம்பட்டி பக்கத்து ஜனங்க விடியறதுக்கு முன்னாடி, தலையில் லைட் கட்டிக்கிட்டுப் பறிச்ச பூ வருது. தை மாச முகூர்த்தத்தில் மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போனா டிவியில் செய்தி போடுறீங்க. விலை விழுந்து பறிகூலிகூடக் கட்டாம விவசாயி ரோட்டில் கொட்டுறப்ப, பூக்காரம்மாகிட்ட முழத்துக்கு அஞ்சு ரூபாய் குறைச்சுக் கேட்கிறீங்க. தெருப்பூ ஓசி, கடைப்பூவுக்குப் பேரம். பூன்னா உங்களுக்கு அவ்வளவுதானா?

திதி முடிஞ்ச மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன், சண்டைக்கு இல்லை. நந்தியாவட்டையில் பென்சில் கனத்துக்கு நாலு குச்சி ஒடிச்சுக்கிட்டுப் போனேன். "ஐயா, வாசலில் வைங்க. ஒரு வருஷத்தில் உங்க சாமிக்கு உங்க பூவே கிடைக்கும்"னேன். அவர் என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் வீட்டைச் சுத்திக் காட்டினார். முன்னாடி கார் நிறுத்த சிமெண்ட். பின்னாடி, பக்கவாட்டில் எல்லாம் டைல்ஸ். அரையடி மண் இல்லைங்க. "மண்ணு இருந்தா பாம்பு வரும், குப்பை சேரும்னு எல்லாத்தையும் போட்டுட்டோம் தம்பி"ன்னார். அப்பத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் சங்கடம் தெரிஞ்சுது.

எனக்கு அங்கேதான் புரிஞ்சுது. முப்பது நாப்பது லட்சம் போட்டு வீடு கட்டுறோம். பூஜை ரூமுக்குத் தேக்குக் கதவு, கிரானைட் மேடை, பித்தளை மணி. அந்தச் சாமிக்கு ஒரு பூ பூக்க ரெண்டடி மண் விட மனசு வரலை. தன் வாசலை சிமெண்ட் போட்டு மூடிட்டவனுக்கு அடுத்தவன் வாசல்தானே நந்தவனம்?

இடம் இல்லைன்னா தொட்டி போதும்ங்க. அடியில் ஓட்டை போட்ட பழைய வாளிகூடப் போதும். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு. ஆடி, ஆவணி மழையில் நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி எல்லாம் குச்சியிலேயே பிழைக்கும். வேர் பிடிக்கிற வரைக்கும் நிழலில் வைங்க. மல்லிக்குப் பதியம் போடுங்க, மொட்டை மாடி வெயில் அதுக்குப் பிடிக்கும்.

பெரியவர் கடைசியில் ரெண்டு தொட்டி வாங்கினார். நாலு குச்சியில் ஒண்ணுதான் தழைச்சிருக்கு. போன வாரம் நான் அந்தப் பக்கம் போனப்ப கூப்பிட்டுக் காட்டினார், முதல் மொட்டு வந்திருக்கு. யாரோ பறிச்சிடப் போறாங்கன்னு தொட்டியை எடுத்து கேட்டுக்கு உள்ளே வச்சிருக்கார்.

நான் ஒண்ணும் சொல்லலை. சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன்.