மரக்கன்றுகளோடு வழிகாட்டிகளும் வேண்டும்

சிங்கப்பூருக்கு மரம் நடுவது புதிதன்று. 1963ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திரு லீ குவான் இயூ ஒரு மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1971இல் மரம் நடும் நாள் அறிமுகமானது. பத்தாண்டுகளில் ஒரு மில்லியன் மரங்களை நடும் இயக்கம் 2020இல் தொடங்கியது. இவையெல்லாம் பாராட்டுக்குரியவை. எனினும், தாம் நட்ட மரத்தின் பெயரைக்கூட அறியாமல் வீடு திரும்பும் மாணவர்கள் பலர். மரக்கன்றுகளுக்குக் காட்டும் அக்கறையை, மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் தொண்டூழியர்களைப் பயிற்றுவிப்பதிலும் நாம் காட்ட வேண்டும்.

சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்திற்கு ஒரு மாணவர் குழு செல்வதாக வைத்துக்கொள்வோம். பயிற்சி பெறாத வழிகாட்டி, "இது அப்பி அப்பி மரம். இதன் வேர்கள் சுவாசிக்கும்," என்று கூறிவிட்டு அடுத்த மரத்திற்கு நகர்ந்துவிடுவார். பயிற்சி பெற்றவரோ, சேற்றிலிருந்து பென்சில்களைப்போல் மேல்நோக்கி நீண்டிருக்கும் வேர்களைக் காட்டி, "மண்ணுக்குள் போக வேண்டிய வேர் ஏன் வெளியே வருகிறது?" என்று கேட்பார்; பதில் வரும்வரை காத்திருப்பார். நீர் தேங்கிய சேற்றில் காற்று குறைவு என்பதை மாணவர்களே சிந்தித்துக் கண்டறிவார்கள். பிறகு, இலையைப் பறிக்காமல் விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார். விரலில் ஒட்டும் உப்பு, அம்மரம் கடல்நீரில் வாழும் முறையை உணர்த்திவிடும். இவ்வாறு கற்றது எளிதில் மறக்காது.

இத்திறன் எல்லாருக்கும் இயல்பாக வருவதில்லை. மரங்களைப் பற்றி நிறையத் தெரிந்தவர்கள், தெரிந்ததையெல்லாம் தாமே சொல்லிவிடத் துடிப்பார்கள். எனவே, பயிற்சி வகுப்பறையோடு முடிந்துவிடக் கூடாது. புதியவர் முதலில் அனுபவமுள்ள வழிகாட்டியுடன் நடந்து அவரைக் கவனிக்க வேண்டும். அதன்பின் சிறு குழுவை வழிநடத்தி, குறைநிறைகளைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். இடி மின்னலின்போது என்ன செய்வது, குரங்குகளுக்கு ஏன் உணவளிக்கக் கூடாது, பாதையை விட்டு ஏன் விலகக் கூடாது என்பனவும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். பொறுப்பற்ற வழிகாட்டல் மாணவர்களுக்கு மட்டுமன்றிக் காட்டுக்கும் ஆபத்தாகும்.

தொண்டூழியர்களின் பணி எத்தகைய பயனைத் தரும் என்பதற்குப் புலாவ் உபினில் உள்ள செக் ஜாவா சான்றாகும். 2001இல் அங்கு நிலமீட்புப் பணி தொடங்கவிருந்தது. அப்போது தொண்டூழியர்கள் அங்குள்ள உயிரினங்களைப் பதிவுசெய்தனர்; காண வந்த மக்களுக்கு அவற்றை விளக்கினர். நேரில் கண்ட பலர் அவ்விடத்தைக் காக்க வேண்டுமெனக் கருத்துரைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இன்றும் நாம் அங்குச் சென்று சதுப்புநிலக் காட்டையும் கடற்கரையையும் கண்டு மகிழ முடிகிறது.

"மரத்தின் பெயரைக் கைப்பேசிச் செயலியே சொல்லிவிடுமே, வழிகாட்டி எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். செயலி பெயரைச் சொல்லும். ஆனால், ஒரு மாணவன் எதைக் கவனிக்கத் தவறினான் என்பதை அது அறியாது. ஆசிரியர்களே இதைச் செய்யலாம் என்பதும் ஒரு வாதம். நாற்பது மாணவர்களை ஒரே ஆசிரியர் அழைத்துச் சென்றால், பின்வரிசையில் நிற்பவனுக்கு மரமும் தெரியாது, குரலும் கேட்காது. பத்துப் பேருக்கு ஒருவர் இருந்தால்தான் தொட்டும் முகர்ந்தும் கேட்டும் கற்க முடியும். "ஊதியமின்றி உழைப்பவர்களுக்கு இத்தனை பயிற்சி தேவையா?" என்ற கேள்வியும் எழலாம். தொண்டூழியர்கள் தங்கள் ஓய்வுநேரத்தை நமக்குத் தருகிறார்கள். அந்நேரம் வீணாகாமல் இருக்கச் செய்வது நம் கடமை.

தேசியப் பூங்காக் கழகம் ஏற்கெனவே தொண்டூழிய வழிகாட்டிகளைப் பயிற்றுவிக்கிறது. அம்முயற்சியோடு பள்ளிகளும் கைகோக்க வேண்டும். பெற்றோர், பணி ஓய்வு பெற்றோர், உயர்நிலை மாணவர்கள் ஆகியோரைக் கொண்டு ஒவ்வொரு பள்ளியும் ஒரு சிறு குழுவை உருவாக்கலாம். உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தம் வட்டாரப் பூங்காவின் தெம்புசு மரத்தை அறிமுகப்படுத்தலாம். நிலப்பற்றாக்குறை மிகுந்த இந்நாட்டில், எந்தக் காட்டைக் காப்பது, எங்கே வீடு கட்டுவது என்பவற்றை நாளை முடிவுசெய்யப் போகிறவர்கள் இன்றைய மாணவர்களே. அவர்கள் காட்டை நேரில் அறிந்து முடிவெடுக்க, நல்ல வழிகாட்டிகளை இன்றே உருவாக்குவோம்.