கல்லறைக்கு வந்த கணக்கு

கொல்கத்தாத் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில், இன்று கார்ல் மார்க்ஸ் பெயரைத் தாங்கி நிற்கும் சாலையில், ஒரு காலத்தில் ராஜநாராயண தத்தர் என்ற வசதியான வக்கீல் குடியிருந்தார். அவருடைய மகன் மதுசூதன் 1843 பிப்ரவரி 9 அன்று, 19 வயதில், கிறிஸ்தவரானார். வீட்டில் இடி விழுந்தது போலிருந்தது. அவர் படித்த இந்துக் கல்லூரியின் கதவும் அடைபட்டது.

மைக்கேல் மதுசூதன் தத்தர் என்று வங்காளம் கொண்டாடும் கவிஞர் அவர்தான். ராவணன் மகன் இந்திரஜித்தை நாயகனாக்கி, தோற்றவர் பக்கம் நின்று 1861இல் காவியம் படைத்தவர். அவர் ஏன் மதம் மாறினார் என்பதில் இன்றும் தகராறு உண்டு. வீட்டார் பார்த்த கல்யாணத்திலிருந்து தப்பிக்க என்பார்கள். இங்கிலாந்து மோகம் என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம்.

சபை மெச்சும் வாழ்க்கை அல்ல அவருடையது. 1848இல் சென்னைக்கு வந்து ஆசிரியராக இருந்தார். ரெபெக்காவை மணந்தார். 1856இல் கல்கத்தா திரும்பியபோது அவரையும் குழந்தைகளையும் சென்னையிலேயே விட்டுவிட்டுப் போனார். பிறகு ஹென்ரியேட்டாவுடன் வாழ்ந்தார். குடி, ஊதாரித்தனம், கடன். பிரான்சில் குடும்பத்தோடு தவித்த நாட்களில், தானே கடன் வாங்கிப் பணம் அனுப்பிக் காப்பாற்றியவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். அவர் கிறிஸ்தவர் அல்ல.

1873 ஜூன் 26இல் ஹென்ரியேட்டா இறந்தார். மூன்றே நாளில், 29ஆம் தேதி, மருத்துவமனையில் மதுசூதனும் கண்மூடினார். எங்கே புதைப்பது என்ற பேச்சு படுக்கையருகிலேயே எழுந்திருக்கிறது. எங்கே புதைத்தாலும் சரி, நான் ஆண்டவரிடம் இளைப்பாறப் போகிறேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

பயந்தபடியே நடந்தது. ஆங்கிலிக்க சபையின் பிஷப் மில்மனிடமிருந்து அனுமதி வரவில்லை. ஜூன் மாத வெக்கையில் உடல் பிணவறையில் கிடந்தது. மறுநாள் ஜார்போ என்ற ஆங்கிலிக்கப் போதகர், மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல், லோயர் சர்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார். அந்தக் கல்லறைக்கு நினைவுக்கல் எழும்பவே சுமார் 15 ஆண்டுகள் ஆயின.

பிஷப்பை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கட்டுப்பாடே இல்லாமல் எந்தச் சபையும் நடக்காது. கைவிடப்பட்ட ரெபெக்காவுக்கு யார் பதில் சொல்வது? கிருபை என்பது அந்தக் கேள்வியை அழித்துவிடுவதல்ல. குற்றம் குற்றமாகவே இருக்க, குற்றவாளிக்கும் ஓர் இடம் கொடுப்பது. ஜார்போ செய்தது அதைத்தான். கவிஞர் நல்லவர் என்று அவர் சான்றிதழ் எழுதவில்லை. இறந்தவரைப் புதைத்தார், அவ்வளவுதான்.

மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வருகிறார். விடியற்காலையில் வந்தவனுக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். காலையில் வந்தவன் முணுமுணுக்கிறான். 1892இல் கிடர்பூரில் கப்பல் துறை திறந்த பிறகு, அதன் வாசலில் அன்றாட வேலைக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்தக் கதை பிரசங்கமே இல்லாமல் புரிந்திருக்கும். கூப்பிடப்படாதவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். துறைமுகத் தொழிலாளரின் வேலையை ஒழுங்குபடுத்த 1948இல் சட்டம் வர வேண்டியிருந்தது.

புராட்டஸ்டன்டுகள் கிருபை என்கிறோம், கத்தோலிக்கர்கள் அருள் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் உருகி உருகிப் பாடுகிறோம். திங்கட்கிழமை சாவு விழுந்தால் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறோம். சந்தா பாக்கி எத்தனை வருஷம்? கடைசியாக எப்போது கோவிலுக்கு வந்தார்? மகள் யாரைக் கட்டிக்கொண்டாள்? அழுதுகொண்டிருக்கும் வீட்டின் வாசலில் நின்று கேட்கப்படும் கேள்விகள் இவை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்த சுவரோ, நோட்டுப் புத்தகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சாதியை மட்டும் பார்த்தது.

நாம் பெரும்பாலும் காலையிலேயே வேலைக்கு வந்தவர்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், சந்தா ரசீது, எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறோம். முணுமுணுப்பும் நம்மிடமிருந்துதான் வருகிறது. அடுத்த முறை கமிட்டியில் இப்படி ஒரு பெயர் வரும்போது, பாக்கியைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் குழி வெட்டச் சொல்லுங்கள் என்று யாராவது ஒருவர் வாய் திறக்கட்டும். சுவிசேஷம் அறிவிக்க அன்றைக்கு வேறு கூட்டம் தேவைப்படாது.