அண்ணாவியாரின் வளவு

யப்பானுக்குச் செல்லும் யாத்திரிகர்களுட் சிலர், வைகறையில் எழுந்து சுமோ மல்லர்கள் பயிலும் கூடத்தைத் தேடிச் செல்வதுண்டு. காண வந்தோர் ஓரமாக அமர்ந்து, வாய்திறவாது பார்த்தல் வேண்டும். காலையுணவு அருந்தாமலே, 4.55 மீற்றர் விட்டமுள்ள மண்வட்டத்தில் மல்லர்கள் காலை உயர்த்தி மிதிப்பர், மோதுவர், வீழ்ந்து எழுவர். கடைநிலை மாணவர் முதலில் இறங்க, பெருமல்லர் பின்னரே வருவர்.

இத்தகைய கூடம் நம்மூரில் இல்லையே என எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறென்பதைக் கல்முனைக்கு அண்மையில், கடலோரத்து வளவொன்றிற் கழித்த ஒரு மாலைப்பொழுது உணர்த்திற்று.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தலைமுறையாக வழங்கிவரும் சீனடியையும் சிலம்படியையும் ஒரு முதியவர் அங்கே கற்பிக்கின்றார். மாணவர்க்கு அவர் அண்ணாவியார். அஸர் தொழுகை முடிந்ததும் ஏழு பையன்கள் வந்தனர். செருப்பைக் கழற்றி, ஸலாம் கூறி, மணலில் இறங்கினர்.

கம்புச் சுழற்சியைக் காண விழைந்த எனக்கு முதலில் ஏமாற்றமே. அரைமணி நேரம் எவரும் கம்பைத் தொடவில்லை. காலடிப் பயிற்சி மட்டுமே நடந்தது. மணலிற் பதிந்த சுவடுகளை அண்ணாவியார் குனிந்து பார்த்துத் திருத்தினார்.

"கம்பு எப்போது?" என்று வினவினேன்.

"கால் நிலைக்கட்டும், தம்பி. அதற்கு முன் கம்பெடுத்தால் அடி தனக்கே விழும்."

பின்னர் கம்பு வந்தது. மூத்தவனின் வீச்சு ஒரு சிறுவனின் தோளில் உரசிற்று. அண்ணாவியார் ஏசவில்லை, கம்பை வாங்கி வேலியிற் சாத்தினார். அவனும் மறுமொழியின்றி வரிசையின் கடைசியில் நின்று, மீண்டும் காலடியிலிருந்து தொடங்கினான்.

அவரிடம் முழுவதும் கற்றவர் ஒருவரே, அவருடைய மருமகன். அடுத்த மாதம் அவர் கத்தாருக்குத் தொழிலுக்குப் போகின்றார். "குடும்பம் இருக்கிறதே, போகாதே என்று எப்படிச் சொல்வேன்?" என்றார் அண்ணாவியார்.

சுமோவுக்கு ஆண்டுதோறும் 15 நாட் போட்டிகள் ஆறு உண்டு; மேல்நிலை மல்லருக்கு மாதச் சம்பளமும் உண்டு. நம் சிலம்படிக்கோ மாப்பிள்ளை ஊர்வலமும் விழா மேடையுமே களம், அவையும் அருகிவருகின்றன.

பெற்றோர்களே, மாணவர்களே! உங்கள் ஊரிலும் இத்தகைய வளவு ஒன்று இருக்கலாம். ஒரு மாலை சென்று, ஓரமாக அமர்ந்து பாருங்கள். கற்க விரும்பும் பிள்ளை இருந்தால் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அண்ணாவியாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.